காணாமற்போனோரைத் தேடும் அமெரிக்க நிறுவகம்: நாம் கேட்க வேண்டியது என்ன?

அண்ணனைத் தேடி நான் நிரப்பிக் கொடுத்த படிவங்களுக்குக் கணக்கில்லை. பெயர், வயது, கடைசியாகக் கண்ட இடம். அந்தத் தாள்கள் எங்கே போயின, எதனோடு ஒப்பிடப்பட்டன என்று எவரும் எங்களுக்குச் சொன்னதில்லை. வேறு நாடுகளில் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று தேடியபோதுதான் அமெரிக்காவின் தேசிய நீதி நிறுவகத்தைப் பற்றி அறிந்தேன்.

அமெரிக்க நீதித் திணைக்களத்தின் ஆய்வுப் பிரிவு அது. 1968ஆம் ஆண்டுச் சட்டமொன்றின் கீழ் தொடங்கியது. அது எவரையும் கைது செய்வதில்லை, வழக்குத் தொடுப்பதுமில்லை. குற்றத்தைத் தடுக்கும் வழிகள் பற்றிய ஆய்வுகளுக்கும் தடயவியலுக்கும் நிதி வழங்குகிறது. மாநிலங்களுக்கும் உள்ளூராட்சிகளுக்குமான நீதி மானியத்தை அதன் சகோதர அலுவலகம் ஒன்று வழங்குகிறது. அந்த மானியத்துக்கு எட்வேர்ட் பேர்ன் என்ற இளம் பொலிஸ்காரரின் பெயர் சூட்டப்பட்டுள்ளது. 1988 பெப்ரவரியில், நியூயோர்க்கில் ஒரு சாட்சியின் வீட்டுக்குக் காவலிருந்தபோது அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். சாட்சி சொல்லப் பயந்து வாழ்ந்த எமக்கு அந்தப் பெயரின் பொருள் விளங்கும்.

இந்த நிறுவகம் உருவாக்கிய 'நேமஸ்' என்ற தரவுத்தளம்தான் என் கவனத்தை ஈர்த்தது. காணாமற்போனோர் விபரம் ஒரு பக்கம், அடையாளம் காணப்படாத உடல்களின் விபரம் மறுபக்கம். 2009இல் இரண்டும் இணைக்கப்பட்டன. குடும்பத்தவரே விபரங்களைப் பதியலாம். பொலிஸாரிடம் உறுதிப்படுத்திய பின் அவை வெளியாகும். பல், பழைய எலும்பு முறிவு, தழும்பு, உடை எனப் பலவும் ஒப்பிடப்படுகின்றன. உறவினரின் மரபணு மாதிரியும் பெறப்படுகிறது. குடும்பத்திடம் கட்டணம் வாங்குவதில்லை.

குறைகளும் உண்டு. எல்லா மாநிலங்களும் இதில் பதிவதைக் கட்டாயமாக்கவில்லை. பதியப்படாத உடலுக்குப் பொருத்தம் கிடைக்காது. அரச படைகளிடம் கையளித்தவர்களைத் தேடுவதற்கென அமைக்கப்பட்டதும் அல்ல அது. எமது கேள்வி 'எங்கே' என்பதோடு முடிவதில்லை. 'யார் பொறுப்பு' என்பதும் அதிலுண்டு. அதற்குத் தரவுத்தளம் பதில் தராது.

ஆனாலும் ஒன்றைக் கற்றுக்கொண்டேன். இங்கே 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் இருக்கிறது. 'விசாரிக்கிறோம்' என்ற பதிலோடு திரும்பாமல், எந்தப் புதைகுழியின் எச்சங்களோடு எங்கள் விபரம் ஒப்பிடப்பட்டது என்று எழுத்தில் கேட்போம். பிள்ளையின் பல், முறிவு, அன்று உடுத்திருந்த உடை ஆகியவற்றை வீட்டிலும் எழுதி வைப்போம். அம்மாமார் ஒவ்வொருவராக இறந்துகொண்டிருக்கிறார்கள். அவர்களின் மரபணு மாதிரியை எப்போது எடுப்பீர்கள் என்பதே முதற்கேள்வியாக இருக்கட்டும்.