மணிமுடியும் மானமும்

மணிமுடி மன்னர்க்கே உரியது என்றிருந்த காலம் மலையேறிவிட்டது. மன்னர் பலர் முடி துறந்தனர்; சிலர் முடியோடு தலையையும் இழந்தனர். ஆயினும், முடிசூட்டிப் பார்க்கும் ஆசை மட்டும் மாந்தரை விட்டு அகலவில்லை. இருபதாம் நூற்றாண்டு அதற்கு ஒரு புதுவழி கண்டது. நாட்டுக்கு ஒரு நங்கையை அழைத்து வந்து, மேடையேற்றி, நடக்கவிட்டு, நிற்கச் செய்து, திரும்பச் சொல்லி, இறுதியில் "இவளே உலக அழகி" என்று நடுவர் சிலர் தீர்ப்பளிக்க, ஒருத்தியின் தலையில் மட்டும் முடி சூட்டினர்.

அழகை வியப்பது குற்றமா? அன்று. மலரை வியக்கும் கண்ணுக்கு மங்கையின் முகத்தை வியக்கவும் உரிமை உண்டு. நாம் கேட்பது வேறு. அழகு இதுதான் என்று அளந்து சொல்லும் கோல் எவர் கையில் இருந்தது? அந்தக் கோலின்முன் நிற்கவும் இடம் மறுக்கப்பட்டோர் யார்? எங்களை அளக்காதே என்று எழுந்து நின்றோர் யார்? இம்மூன்று கேள்விகளும் ஒரே இரவில், ஒரே கூரையின்கீழ் சந்தித்துக்கொண்டன. 1970-ஆம் ஆண்டு நவம்பர் 20-ஆம் நாள் இரவு அது. இடம், இலண்டன் மாநகரின் இராயல் ஆல்பர்ட் மண்டபம்.

அவ்விரவைக் காணுமுன், போட்டி பிறந்த கதையைச் சிறிது காண்போம்.

1951-ஆம் ஆண்டு. போர் முடிந்து ஆறாண்டுகள் ஆகியும் பிரிட்டனில் பங்கீட்டு அட்டை ஒழியவில்லை. சோர்ந்திருந்த மக்களுக்கு ஊக்கமூட்ட, 'பிரிட்டன் விழா' என்ற பெயரில் அரசு பெருவிழா எடுத்தது. நடன மண்டபங்கள் பல நடத்திய மெக்கா என்னும் வணிக நிறுவனத்தில் விளம்பரப் பொறுப்பில் இருந்தவர் எரிக் மார்லி. விழாவுக்கு வரும் கூட்டத்தைத் தம் நிறுவனத்தின் பக்கம் இழுக்க அவர் கண்ட உத்தியே அழகிப் போட்டி. நீச்சலுடை அணிந்த பெண்கள் அணிவகுத்தனர். போட்டியிட்டோரில் பெரும்பாலோர் பிரிட்டன் நாட்டவரே. எனினும் பட்டம் மட்டும் 'உலக' அழகிப் பட்டமாயிற்று! சுவீடன் நாட்டுக் கிகி ஹோகன்சன் முதல் முடியைப் பெற்றார்.

அவர் முடிசூடியபோது அணிந்திருந்தது பிகினி உடை. அந்த உடையின் பெயருக்கும் ஒரு கதை உண்டு. 1946-இல் அமெரிக்கா அணுகுண்டு வெடித்துப் பார்த்த பசிபிக் தீவின் பெயர் பிகினி. சில நாட்களில் பாரிசில் ஒருவர் தாம் அறிமுகம் செய்த உடைக்கு அப்பெயரைச் சூட்டினார். தீவின் மக்களோ தம் மண்ணை விட்டு அகற்றப்பட்டுத் தவித்தனர். பெயர் மட்டும் கடற்கரைக் கேளிக்கைக்குப் பயன்பட்டது!

பிகினியைக் கண்டு சமய உலகம் சினந்தது. கத்தோலிக்க நாடுகள் சில முகம் சுளித்தன. போட்டி நடத்தியோர் பின்வாங்கி, அந்த உடையை விலக்கினர். இந்த எதிர்ப்பை நாம் நன்கு எடைபோட வேண்டும். பெண்ணை அளக்காதே என்று அவர்கள் சொல்லவில்லை. மூடிவைத்து அளந்துகொள் என்றே சொன்னார்கள். திரையை விலக்கு என்பவனும் திரையைப் போடு என்பவனும் ஒன்றை மட்டும் கேட்க மறந்தனர். திரைக்குப் பின்னால் நிற்பவளின் விருப்பம் என்ன என்பதே அது.

ஆண்டுகள் உருண்டன. 1959 முதல் பி.பி.சி. தொலைக்காட்சி இப்போட்டியை வீடுதோறும் கொண்டு சேர்த்தது. 1966-இல் பம்பாய் மருத்துவ மாணவி ரீட்டா பாரியா முடிசூடினார். ஆசியக் கண்டத்துக்குக் கிடைத்த முதல் உலக அழகிப் பட்டம் அது. பட்டம் என்பது பரிசு மட்டுமன்று, பணியும்கூட என்பதை அவர் விரைவில் கண்டார். அவ்வாண்டு இறுதியில், அமெரிக்க நகைச்சுவை நடிகர் பாப் ஹோப் நடத்திய கலைப்பயணத்தில், வியட்நாமில் போரிட்ட அமெரிக்கப் படைவீரர்முன் அவர் நிறுத்தப்பட்டார். அந்தப் போரை ஏற்காத இந்தியாவில் அது கசப்பை விளைத்தது. ஓராண்டு முடிந்ததும் விளம்பர உலகையும் திரையுலகையும் ஒதுக்கிவிட்டு, ரீட்டா பாரியா மருத்துவப் படிப்புக்கே திரும்பினார். முடியைக் காட்டிலும் மருத்துவரின் நாடிமானி அவர் கழுத்துக்கு மதிப்புத் தந்தது என்போம்.

இனி, 1970.

அன்று தென்னாப்பிரிக்காவை ஆண்டது நிறவெறி அரசு. 1950-இல் அது இயற்றிய மக்கள் பதிவுச் சட்டம், குடிமக்கள் ஒவ்வொருவரையும் இனம் பிரித்து ஏட்டில் எழுதியது. வெள்ளையர் யார் என்பதற்கு அச்சட்டம் தந்த இலக்கணம் என்ன தெரியுமா? தோற்றத்தால் வெள்ளையராகத் தெரிபவர், அல்லது வெள்ளையர் எனப் பொதுவாக ஏற்கப்படுபவர்! ஐயம் எழுந்தால் தலைமயிருக்குள் பென்சிலைச் செருகிப் பார்ப்பதும் உண்டு. பென்சில் வழுக்கி விழுந்தால் ஒரு வாழ்வு. சுருளில் சிக்கி நின்றால் வேறொரு வாழ்வு. ஒரே வயிற்றில் பிறந்தோரும் வேறுவேறு இனமாக எழுதப்பட்ட கொடுமை நடந்தது. குடியிருக்கும் தெரு, படிக்கும் பள்ளி, மணக்கும் துணை, அமரும் பலகை ஆகிய அனைத்தையும் அந்த ஏடே முடிவு செய்தது. 1860-இல் சென்னைத் துறையிலிருந்து துரூரோ என்னும் கப்பலில் டர்பனுக்குக் கொண்டு செல்லப்பட்ட ஒப்பந்தக் கூலிகளின் வழிவந்த தமிழரும் அந்த ஏட்டில் அடைக்கப்பட்டவரே.

அஃதாவது, ஒரு நாடே அழகிப் போட்டி மேடையாக இருந்தது, அதிகாரிகளே நடுவர்கள், தோற்றவர்க்கு வாழ்நாள் முழுதும் தண்டனை!

அந்த நாட்டிலிருந்து இலண்டன் மேடைக்கு வந்தோர் வெள்ளைப் பெண்கள் மட்டுமே. 1970-இல் இதற்கு எதிர்ப்பு வலுத்தது. அவ்வாண்டு மே மாதத்தில் தென்னாப்பிரிக்கக் கிரிக்கெட் அணியின் இங்கிலாந்துப் பயணத்தையே இளைஞர் போராட்டம் நிறுத்திவிட்டிருந்தது. அடுத்து நம் மண்டபம்தான் என்று அஞ்சிய மார்லி, ஒரு தந்திரம் செய்தார். வெள்ளை அழகியை விலக்கவில்லை. பக்கத்தில் இன்னொருவரை நிறுத்தினார். வெள்ளையரான ஜில்லியன் ஜெசப்பின் பட்டையில் 'தென்னாப்பிரிக்கா' என்று எழுதியிருந்தது. கலப்பினத்தவர் என்று ஏட்டில் எழுதப்பட்ட பேர்ல் ஜான்சனின் பட்டையில் 'ஆப்பிரிக்கா தெற்கு' என்று எழுதியிருந்தது. ஒரே மண்ணின் மகளிர் இருவர். ஒருத்திக்கு நாட்டின் பெயர். மற்றவளுக்கு அப்பெயரைத் தலைகீழாகத் திருப்பி எழுதிய ஒரு திசை! காலணித் தொழிற்சாலையில் பாடுபட்ட பெண் பேர்ல் ஜான்சன். தாம் பிறந்த நாட்டின் பெயரைத் தோளில் தாங்கும் உரிமை அவருக்குக் கடல்கடந்த மேடையிலும் கிட்டவில்லை.

மண்டபத்தின் உள்ளே இந்த அநீதி ஒளிவிளக்கில் நின்றது. அதே மண்டபத்தின் இருக்கைகளில், நுழைவுச்சீட்டு வாங்கி, கைப்பைகளில் மாவுப் பொட்டலங்களையும் துண்டறிக்கைகளையும் மறைத்துக்கொண்டு, வேறு சில பெண்கள் அமர்ந்திருந்தனர்.

யார் அவர்கள்? பிரிட்டனின் பெண் விடுதலை இயக்கத்தார். இரண்டாண்டுகளுக்கு முன், 1968-இல், டாகன்ஹாம் நகரின் போர்டு தொழிற்சாலையில் காரின் இருக்கை உறைகளைத் தைத்த பெண்கள் வேலைநிறுத்தம் செய்து நாட்டை உலுக்கியிருந்தனர். தங்கள் தையல் தொழிலைத் தேர்ச்சியற்ற வேலை என்று தரம் தாழ்த்தியதே அவர்களின் குறை. 1970 தொடக்கத்தில் ஆக்ஸ்போர்டின் ரஸ்கின் கல்லூரியில் பெண் விடுதலை மாநாடு கூடியது. சம ஊதியம், சம கல்வி, சம வேலைவாய்ப்பு, பிள்ளை பெறுவதைத் தாமே முடிவு செய்யும் உரிமை, குழந்தைக் காப்பகங்கள் ஆகியவற்றை அது கேட்டது. அம்மாநாட்டை அமைத்தோருள் ஒருவரான சாலி அலெக்சாண்டர் அன்றிரவு மண்டபத்தில் இருந்தார். அவர் அப்போது வரலாறு படித்துவந்தவர்; பின்னாளில் வரலாற்றுப் பேராசிரியர்.

பாப் ஹோப் மேடையேறினார். ஆம், வியட்நாம் பயணத்தை நடத்திய அதே ஹோப். இந்த இடம் மாட்டுச் சந்தைபோல் உள்ளது, நானும் உள்ளே போய்க் கன்றுகளைப் பார்த்துவிட்டு வந்தேன் என்ற பொருள்பட அவர் நகைச்சுவை பேசினார். மாட்டுச் சந்தையை நாம் அறிவோம். பல்லைப் பிடித்துப் பார்ப்பர், சுழி பார்ப்பர், நடக்கவிட்டுப் பார்ப்பர், துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுவர். மாட்டிடம் மட்டும் எவரும் எதுவும் கேட்பதில்லை. வெளியே நின்ற போராட்டக்காரர் குற்றச்சாட்டாகக் கூறிய அதே உவமையை, உள்ளே நின்ற நடிகர் நகைச்சுவையாகக் கூறினார். குற்றத்தை ஒப்புக்கொள்ள இதைவிட வேறென்ன வாக்குமூலம் வேண்டும்?

கிலுகிலுப்பை ஒன்று ஒலித்தது. அதுவே அடையாளம். மாடங்களிலிருந்து மாவு பொழிந்தது; துண்டறிக்கைகள் பறந்தன; புகைக்குண்டுகள் புகைந்தன. பாப் ஹோப் மேடையை விட்டு ஓட்டமெடுத்தார். கோடிக்கணக்கான வீடுகளில் தொலைக்காட்சி அதைக் காட்டியது. சில நிமிடங்களில் காவலர் வந்தனர். பெண்கள் இழுத்துச் செல்லப்பட்டனர். சிலர்மீது வழக்குத் தொடரப்பட்டது. போட்டி தொடர்ந்தது.

தொடர்ந்த போட்டியின் முடிவுதான் எவரும் எதிர்பாராதது. முடிசூடியவர் கரீபியக் கடலின் சிறுதீவான கிரெனடாவின் கருநிற நங்கை, விமானப் பணிப்பெண் ஜெனிபர் ஹோஸ்டன்! அடுத்த இடம் பேர்ல் ஜான்சனுக்கு. நாட்டின் பெயரைத் தாங்கிய ஜில்லியன் ஜெசப் பெற்றதோ ஐந்தாம் இடம். கருநிறப் பெண் உலக அழகியானது அதுவே முதல் தடவை. கூக்குரல் எழாமல் இருக்குமா? நடுவருள் கிரெனடாவின் பிரீமியர் எரிக் கேரியும் ஒருவர் என்பதைச் சுட்டிப் புகார்கள் குவிந்தன. அந்தக் கேள்வி கேட்கத்தக்கதே. ஆயினும் அதற்கு முந்தைய பத்தொன்பது ஆண்டுகளில் கருநிறப் பெண் ஒருத்திகூட முடிசூடாதபோது, நடுநிலை எங்கே என்று கேட்ட குரல் இவ்வளவு ஓங்கி ஒலிக்கவில்லையே, ஏன்?

இங்கேதான் நாம் நின்று சிந்திக்க வேண்டும். மாவு வீசிய பெண்களின் வழி சரியா, முடிசூடிய பெண்ணின் வழி சரியா?

ஹோஸ்டன் தாம் சுரண்டப்பட்டதாக எண்ணவில்லை. கருநிறச் சிறுமியர்க்குத் தம் வெற்றி நம்பிக்கை தரும் என்றே அவர் கருதினார். கதவு அடைக்கப்பட்டிருந்தவர்க்கு உள்ளே நுழைவதே ஒரு புரட்சி. அலெக்சாண்டரும் தோழியரும் அந்த வீடே கோணல் என்றனர். மேனியை அளந்து பெண்ணுக்கு மதிப்பெண் போடும் உலகம், அவள் உழைப்புக்குக் குறைந்த கூலி தருவதில் வியப்பில்லை என்றனர். தங்கள் சினம் போட்டியிட்ட பெண்கள்மீது அன்று, போட்டியை நடத்துவோர்மீது என்றும் தெளிவுபடுத்தினர்.

இரண்டும் நியாயமே என்பது நம் கருத்து. ஆனால் இரண்டும் ஒன்றன்று. கோலின்முன் நிற்க இடம் மறுக்கப்பட்டவளிடம், அந்தக் கோலே வேண்டாம் என்று துறவு போதிப்பது எளிது. துறப்பதற்கு அவளிடம் என்ன இருந்தது? அதே வேளையில், இடம் கிடைத்துவிட்டதால் கோல் நேராகிவிடாது. அதற்குச் சான்று உடனே கிடைத்தது. இரட்டைப் பட்டை முறை தொடர்ந்தது. 1974-இல் முடிசூடிய பிரிட்டனின் ஹெலன் மார்கன், மணமாகாத தாய் என்பது வெளிப்பட்டதும் நான்கே நாட்களில் முடியைத் துறக்க நேர்ந்தது. தாய்மை தகுதியிழப்பாயிற்று! அவர் விட்ட முடி, தென்னாப்பிரிக்காவின் வெள்ளை அழகிக்குச் சென்றது. 1976-இல் இந்தியா உட்படப் பல நாடுகள் நிறவெறியை எதிர்த்துப் போட்டியிலிருந்து விலகின. அதன் பின்னரே தென்னாப்பிரிக்கா விலக்கப்பட்டது. மக்கள் பதிவுச் சட்டம் ஒழிந்த 1991-இல்தான் திரும்பியது.

1996-இல் போட்டி பெங்களூருக்கு வந்தது. பண்பாடு கெட்டது என்று ஒரு சாரார் முழங்கினர்; பெண்ணை விற்பனைச் சரக்காக்காதே என்று இடதுசாரி மகளிர் அமைப்புகள் முழங்கின. நீச்சலுடைச் சுற்று செஷல்சு தீவுக்கு மாற்றப்பட்டது. மதுரையில் ஓர் இளைஞர் தீக்குளித்து மாண்டார். ஓர் உயிர் போனதே என்று நெஞ்சு பதறுகிறது. எதிர்ப்பு எல்லாம் ஒரே எதிர்ப்பு அன்று என்பதையும் பெங்களூர் காட்டியது. பெண்ணுக்காக எதிர்ப்போர் உண்டு. பெண்ணைப் பூட்டிவைக்க எதிர்ப்போரும் உண்டு. ஒரே வீதியில் நின்றாலும் இருவர் கொடியும் வேறு.

மாறுதல் வராமலும் இல்லை. உலக அழகிப் போட்டி நீச்சலுடைச் சுற்றைக் கைவிடுவதாக 2014-இல் அறிவித்தது. 2019-இல், மற்றொரு போட்டியான பிரபஞ்ச அழகிப் போட்டியில், தென்னாப்பிரிக்கக் கருநிற நங்கை சோசிபினி துன்சி, ஒட்டக் கத்தரித்த தம் இயற்கைச் சுருள்முடியோடு பட்டம் பெற்றார். பென்சில் செருகிப் பார்த்த நாட்டின் மகள்! அவர் தோளில் இருந்தது நாட்டின் பெயர், நேராகவே எழுதப்பட்டு.

ஹோஸ்டன் பின்னர்க் கனடாவில் கிரெனடாவின் தூதராகப் பணியாற்றினார். 2010-இல், நாற்பதாண்டுகள் கழித்து, பி.பி.சி. வானொலியில் அவரும் சாலி அலெக்சாண்டரும் ஒன்றாக அமர்ந்து அந்த இரவைப் பேசினர். மேடையில் நின்றவரும் மேடையைக் குலைத்தவரும் ஒருவர் சொல்லை ஒருவர் கேட்டனர்.

வரலாறு கற்பிக்கும் நாம், மாணவியர் முன் இந்த ஆண்டைப் பற்றிப் பேச நேர்ந்தால், முடிசூடியவர் பெயரோடு நிறுத்திவிடலாகாது. தன் நாட்டின் பெயர் மறுக்கப்பட்ட பேர்ல் ஜான்சனையும், சிறைக்கு அஞ்சாது எழுந்து நின்ற சாலி அலெக்சாண்டரையும் சேர்த்தே சொல்லுவோம். மூவருள் எவர் பக்கம் என்பதை அந்த மாணவியரே பேசி முடிவு செய்யட்டும். அவர்களுக்காக முடிவு செய்தவர்கள் இதுவரை போதும்.