திபெத்திய தங்கா ஓவியங்களில் தாந்திரிகத் தெய்வங்கள்

திபெத்திய பௌத்த மடங்களிலும் வீட்டு வழிபாட்டு அறைகளிலும் தொங்கவிடப்படும் சுருள் ஓவியத்துக்குத் தங்கா என்று பெயர். பருத்தித் துணியில் தீட்டி, பட்டுக் கரை தைத்த இந்த ஓவியத்தைச் சுருட்டிக் கையோடு கொண்டுபோகலாம். மடத்துக்கு மடம் நடந்த துறவிகளுக்கும் கூடாரத்தில் வாழ்ந்த மேய்ச்சல் மக்களுக்கும் அது பொருத்தமாக இருந்தது. தங்காக்களில் அமைதியாக வீற்றிருக்கும் புத்தர்கள் உண்டு. தீச்சுடர் சூழ, பல தலைகளும் பல கைகளுமாக, மண்டையோட்டு முடி அணிந்து நிற்கும் உருவங்களும் உண்டு. இவை வஜ்ரயானம் எனப்படும் தாந்திரிக பௌத்தத்தின் தெய்வங்கள். இவற்றின் கைகள், ஆயுதங்கள், நிறங்கள் யாவும் பொருள் உணர்த்தும் குறியீடுகள்.

இத்தெய்வங்கள் இந்தியாவிலிருந்து இரண்டு அலைகளாகத் திபெத்துக்குச் சென்றன. 8ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் மன்னர் திரிசோங் தெட்சென் காலத்தில் சாந்தரட்சிதரும் பத்மசம்பவரும் அழைக்கப்பட்டனர். சம்யே மடம் எழுந்தது. 9ஆம் நூற்றாண்டில் திபெத்தியப் பேரரசு சிதைந்தபோது மடங்களும் ஆதரவை இழந்தன. பின்னர் மொழிபெயர்ப்பாளர் ரின்சென் சங்போ (958–1055) மேற்குத் திபெத்தில் புதிய மலர்ச்சிக்கு வழி வகுத்தார். இந்தியாவின் விக்கிரமசீல மடத்து ஆசான் அதீசர் 1042இல் அங்கு சென்றார். 11ஆம் நூற்றாண்டிலேயே மொழிபெயர்ப்பாளர் துரோக்மி, ஹேவஜ்ர தந்திரத்தைத் திபெத்திய மொழியில் பெயர்த்தார். தெய்வத்தின் நிறம், முகங்கள், கைகள், கையிலுள்ள பொருள்கள் ஆகியவற்றை வரிசையாகச் சொல்லும் தியான நூல்களும் இப்படியே சென்றன. ஓவியர் தம் விருப்பப்படி உருவத்தை மாற்றாமல் காத்தவை இந்நூல்களே.

தொடக்ககாலத் தங்காக்களில் பீகார், வங்கப் பகுதியின் பால அரசர் கால ஓவிய மரபு தெளிவாகத் தெரிகிறது. 1200ஐ ஒட்டி அங்கிருந்த பெருமடங்கள் அழிந்தபின், நேபாளப் பள்ளத்தாக்கின் நேவார் கலைஞர்கள் முதன்மை பெற்றனர். அவர்களுள் புகழ்பெற்ற அர்னிகோ 1260இல் திபெத்துக்குச் சென்றார். பின்னர் குப்லாய் கானின் அரசவையை அடைந்து, பெய்ஜிங்கில் இன்றும் நிற்கும் வெண்தூபியை எழுப்பினார். 1429இல் நிறுவப்பட்ட ங்கோர் மடத்துக்காக நேவார் ஓவியர்கள் மண்டலம் எனப்படும் தெய்வ உறைவிட வரைபடங்களைச் செந்நிறம் மேலோங்கத் தீட்டினர். அதே 15ஆம் நூற்றாண்டில் மென்லா தொந்துப், கியென்சே சென்மோ ஆகிய திபெத்திய ஓவியர்கள் தனித்தனிப் பாணிகளை உருவாக்கினர். சீன ஓவியத்தின் மலை, முகில், நீர் ஆகியவை பின்னணியில் இடம்பெற்றன. உக்கிர வடிவங்களைத் தீட்டுவதில் கியென்சே சென்மோ பெரும்புகழ் பெற்றார்.

தாந்திரிக உருவங்களின் அடிப்படை ஐந்து புத்தர்கள். நடுவில் வெண்ணிற வைரோசனர், கிழக்கில் நீல அக்ஷோப்பியர், தெற்கில் மஞ்சள் ரத்னசம்பவர், மேற்கில் சிவந்த அமிதாபர், வடக்கில் பச்சை அமோகசித்தி என்பது பரவலான அமைப்பு. சினம், ஆசை, அறியாமை போன்ற நஞ்சுகள் ஐந்து ஞானங்களாக மாறுவதை இவர்கள் குறிக்கின்றனர். உக்கிர தெய்வங்களின் முடியிலுள்ள ஐந்து மண்டையோடுகளின் பொருளும் இதுவே.

யிதாம் என்பது தியானிப்பவர் தம்மை அதுவாகவே பாவிக்கும் தெய்வம். திபெத்திய பௌத்தப் பிரிவுகளுள் ஒன்றான சாக்கிய மரபு போற்றும் ஹேவஜ்ரருக்கு எட்டு முகங்கள், பதினாறு கைகள், நான்கு கால்கள். கைதோறும் கபாலம் இருக்கும். வலக்கைக் கபாலங்களில் யானை, குதிரை முதலிய உயிர்களும் இடக்கைக் கபாலங்களில் பூமி, நீர், ஞாயிறு, திங்கள் முதலிய தேவதைகளும் இருப்பர். மற்றொரு பிரிவான கெலுக் மரபில் முதன்மை பெற்ற வஜ்ரபைரவருக்கு எருமைத் தலை உட்பட ஒன்பது தலைகள், முப்பத்து நான்கு கைகள், பதினாறு கால்கள். தலைகளின் உச்சியில் அமைதி தவழும் மஞ்சுஸ்ரீயின் முகம் உள்ளது. அறிவின் தெய்வமான மஞ்சுஸ்ரீயே காலனை வெல்ல எருமைத் தலை கொண்டார் என்பது மரபு. பன்னிரு கைகளையுடைய சக்ரசம்வரர் யானைத் தோலை முதுகுக்குப் பின்னே விரித்துப் பிடித்து, கட்டங்கம் என்னும் மண்டையோட்டுத் தடியும் கபாலமும் ஏந்துகிறார். தமிழ்நாட்டின் கஜசம்ஹார மூர்த்தியை அறிந்தவர்களுக்கு இக்கோலம் புதிதன்று; இந்திய சைவமும் வஜ்ரயானமும் அடையாளங்களைப் பகிர்ந்துகொண்டன.

யிதாம்கள் பலர் துணைவியைத் தழுவிய நிலையில் உள்ளனர். திபெத்தியர் இதை யப்-யும், அதாவது தந்தை-தாய் என்பர். ஆணுருவம் கருணையையும் அதன் வழிமுறையையும், பெண்ணுருவம் மெய்யறிவையும் குறிக்கும். கையிலுள்ள வஜ்ரமும் மணியும் சொல்வதும் இந்த இணைவையே.

ஐந்து புத்தர்கள், யிதாம்கள் ஆகியோரை அடுத்த மூன்றாவது வகை அறத்தின் காவலர். மகாகாலர், கோவேறு கழுதை மீது வரும் பல்தென் லாமோ தேவி ஆகியோர் இவர்களுள் முதன்மையானவர்கள். இவர்களுக்காகவே கரிய பின்னணியில் பொற்கோடுகளால் வரையும் தங்கா முறை 17ஆம் நூற்றாண்டு முதல் செழித்தது. இத்தகைய ஓவியங்கள் பெரும்பாலும் மடத்தின் காவல் தெய்வ அறைகளில் இருந்தன.

தங்கா தீட்டும் வேலை அளவில் தொடங்குகிறது. சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணியில் வெண்பொடியும் தோல் பசையும் பூசி, வழுவழுப்பாகத் தேய்த்து, விரலளவை அலகாகக் கொண்டு கோடுகள் இடுவர். அமைதி வடிவங்களுக்கும் உக்கிர வடிவங்களுக்கும் அளவுகள் வேறு. செம்புத் தாதுக்களிலிருந்து நீலமும் பச்சையும், சாதிலிங்கத்திலிருந்து சிவப்பும், அரிதாரத்திலிருந்து மஞ்சளும் எடுக்கப்பட்டன. பொன்னும் அரைத்துச் சேர்க்கப்பட்டது. கண் திறப்பது கடைசியில். பின்புறம் நெற்றி, தொண்டை, நெஞ்சு ஆகிய இடங்களுக்கு நேரே ஓம், ஆ, ஹூம் எழுத்துகளை எழுதி, லாமா உயிரேற்றிய பிறகே ஓவியம் வழிபாட்டுக்கு உரியதாகும்.

1929 முதல் திபெத்துக்குப் பலமுறை பயணம் செய்த ராகுல் சாங்கிருத்தியாயன் கொண்டுவந்த தங்காக்கள் பாட்னா அருங்காட்சியகத்தில் உள்ளன. சீனப் பண்பாட்டுப் புரட்சியின்போது திபெத்திய மடங்களும் அவற்றின் ஓவியங்களும் பேரளவில் அழிக்கப்பட்டன. 1959க்குப் பின் நாடு நீங்கிய ஓவியர்கள் இக்கலையை இந்தியாவிலும் நேபாளத்திலும் காத்தனர். தரம்சாலா அருகிலுள்ள நோர்புலிங்கா நிறுவனத்தில் இன்றும் அது கற்பிக்கப்படுகிறது. மரபுப்படி மாணவர் முதலில் வரைவது புத்தரின் முகம். அமைதியான உருவங்களில் கை பழகி, ஆண்டுகள் சென்ற பிறகே உக்கிர தெய்வங்களைத் தொடங்குவர்.