ஒசாகாவின் டச்சு வகுப்பு

1771-ல் ஜப்பானின் எடோ நகரத்து மருத்துவர்கள் சிலர் டச்சு உடற்கூற்று நூல் ஒன்றை விரித்துவைத்து உட்கார்ந்தார்கள். மாஎனோ ரியோதாகுவுக்கு அந்த மொழி கொஞ்சம் தெரியும். சுகிதா கென்பாகுவுக்கு எழுத்துகூடத் தெரியாது. புருவம் என்பது கண்ணுக்கு மேலே முளைக்கும் மயிர் என்ற ஒரே வரிக்கு நீண்ட வசந்தகாலப் பகல் முழுவதும் போயிற்று என்று கென்பாகு முதுமையில் எழுதினார். ஆனாலும் மாதம் ஆறேழு நாள் விடாமல் கூடினார்கள். 1774-ல் மொழிபெயர்ப்பு அச்சில் வந்துவிட்டது.

கூடிப் படிக்கும் வழக்கம் ஜப்பானுக்குப் புதிதல்ல. சீன நூல்களைக் கற்க ஒக்யூ சொராய் போன்ற அறிஞர்கள் கையாண்ட 'கைதொகு' முறை அதற்கு முன்பே இருந்தது. டச்சுப் படிப்பில் அதன் உச்சத்தைக் காண, ஒகாதா கோஆன் என்ற மருத்துவர் 1838-ல் ஒசாகாவில் தொடங்கிய தெகிஜுகு பள்ளிக்குத்தான் போகவேண்டும்.

1855-ல் அங்கே சேர்ந்த ஃபுகுசாவா யுகிச்சி தம் தன்வரலாற்றில் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். புதிதாக வந்தவனுக்கு இரண்டு இலக்கண நூல்களை வாசிக்கச் சொல்லி விளக்குவார்கள். அதோடு சொல்லிக்கொடுப்பது முடிந்தது. பிறகு அவன் பாடத்தைத் தன் கையாலேயே படியெடுத்துக்கொண்டு, பத்துப் பதினைந்து பேர் கொண்ட குழுவில் உட்காரவேண்டும். முறை வரும்போது தன் பகுதியை வாசித்துப் பொருள் சொல்லவேண்டும். சரியாகச் சொன்னவன் பெயருக்கு நேரே தலைமை மாணவர் வெள்ளை வட்டம் போடுவார், தவறியவனுக்குக் கரும்புள்ளி. மூன்று மாதம் தொடர்ந்து முதலிடத்தில் இருந்தவன் அடுத்த வகுப்புக்கு ஏறுவான்.

கூட்டுக் கற்றல் என்றால் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுப்பது என்று நம்பும் இன்றைய ஆசிரியர் இங்கே திகைத்துப்போவார். மறுநாள் பாடத்தில் ஒரு சொல்லுக்குக்கூட அடுத்தவனிடம் பொருள் கேட்பது மானக்கேடு. பெரிதும் துணையாக இருந்தது ஓர் அகராதி. நாகசாகியில் டச்சு வணிக நிலையத்தின் தலைவராக இருந்த ஹென்ட்ரிக் டூஃப் முன்னின்று தொகுத்ததன் கையெழுத்துப் படி. அதற்கென்றே ஓர் அறை. கைதொகுவுக்கு முந்திய இரவு அந்த அறையில் யாரும் தூங்கமாட்டார்கள்.

படியெடுப்பதில் மட்டும் கதை வேறு. ஃபுகுவோகா பிரபு வாங்கியிருந்த விலையுயர்ந்த இயற்பியல் நூல் ஒன்று சில நாள் மட்டும் ஆசிரியர் கோஆன் கைக்கு வந்தது. ஒருவன் வாசிக்க ஒருவன் எழுத, சோர்ந்தவன் இடத்தில் அடுத்தவன் உட்கார, இரவுபகலாக மின்சாரப் பகுதி முழுவதையும் எழுதி எடுத்துவிட்டார்கள்.

1859-ல் யோகோஹாமா போன ஃபுகுசாவாவுக்கு அங்குள்ள கடைப் பலகைகள் படிக்க வரவில்லை, எல்லாம் ஆங்கிலம். ஆங்கிலம் கற்கும்போதும் அவர் கூடப் படிக்க ஓர் ஆளைத் தேடினார். அதே பள்ளியில் படித்த முராதா சோரோகு, வேண்டியது டச்சு மொழிபெயர்ப்பிலேயே கிடைக்கும் என்று மறுத்துவிட்டார். ஹராதா கெய்சாகு என்பவர் உடனே சம்மதித்தார்.