பிறக்கும்போதே குற்றவாளியா?

முதலில் ஒரு சின்ன வாக்குமூலம். பேருந்து நிலையத்தில் மூட்டை முடிச்சோடு உட்கார்ந்திருந்த ஒரு நாடோடிக் குடும்பத்தைப் பார்த்ததும், தோளில் இருந்த என் பையைச் சட்டென்று முன்பக்கம் மாற்றிக்கொண்டேன். அவர்கள் என்னை ஒன்றும் செய்யவில்லை. அப்படியானால் இந்தப் பயத்தை எனக்குச் சொல்லிக் கொடுத்தது யார்?

பதில் தேடினால் 1871-க்குப் போக வேண்டியிருக்கிறது. அந்த வருடம்தான் ஆங்கிலேய அரசு குற்றப் பரம்பரைச் சட்டத்தைக் கொண்டு வந்தது. அதிகாரிகளின் வாதம் எளிமையானது: இந்தியாவில் தச்சன் மகன் தச்சன், நெசவாளி மகன் நெசவாளி, அப்படியென்றால் திருடன் மகனும் திருடன்தானே! நம்முடைய சாதி முறையையே எடுத்து, அதன்மேல் ஒரு சட்டத்தைக் கட்டிவிட்டார்கள். ஒரு சமூகத்தை அரசு அந்தப் பட்டியலில் சேர்த்துவிட்டால், அது சரியா என்று நீதிமன்றம்கூடக் கேட்க முடியாது.

யார் யாரைச் சேர்த்தார்கள் என்று பார்த்தால் காரணம் புரியும். குறவர்களில் பலர் மாட்டிலும் கழுதையிலும் உப்பும் தானியமும் ஏற்றி ஊர் ஊராக விற்றவர்கள். சாலையும் ரயிலும் வந்ததும் அந்தப் பிழைப்பு போனது. பிழைப்பு போன பிறகு அவர்களின் அலைச்சல் மட்டும் சந்தேகத்துக்குரியதாகிவிட்டது. மதுரைப் பக்கம் பிரமலைக் கள்ளர்கள் கூலி வாங்கிக்கொண்டு ஊர்க்காவல் செய்தார்கள். போலீஸ் வந்த பிறகு அதே காவல் குற்றமாகத் தெரிந்தது.

1911-ல் சட்டம் திருத்தப்பட்டு, சென்னை மாகாணத்துக்கும் வந்தது. பட்டியலில் இருந்தவர்கள் கைரேகை பதிய வேண்டும், இரவில் ஆஜராக வேண்டும், வெளியூர் போக அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். மக்கள் அதை ‘ரேகைச் சட்டம்’ என்றே அழைத்தார்கள். உசிலம்பட்டி அருகே பெருங்காமநல்லூர் மக்கள் ரேகை வைக்க மறுத்தார்கள். 1920 ஏப்ரல் 3-ம் தேதி போலீஸ் சுட்டதில் 16 பேர் இறந்தார்கள். அதில் ஒரு பெண்ணும் உண்டு.

இதில் ஒரு கொடுமையான சுழல் இருக்கிறது, யோசித்துப் பாருங்கள். இரவெல்லாம் போலீஸ் நிலையத்தில் கிடப்பவனுக்கு யார் வேலை தருவார்கள்? சந்தைக்குப் போகவே சீட்டு வேண்டும் என்றால் எப்படி வியாபாரம் செய்வது? பிழைக்க வழியில்லாமல் ஒருவன் திருடினால், "பார்த்தீர்களா, நாங்கள் சொன்னது சரிதானே" என்பார்கள். முதலில் முத்திரை குத்துகிறார்கள், அதற்கான ஆதாரம் பிறகு தானாக உருவாகிறது. பாரபட்சம் மனதில் மட்டும் பிறப்பதில்லை, பதிவேட்டிலும் பிறக்கிறது.

போராட்டங்களுக்குப் பிறகு சென்னை மாகாணத்தில் 1947-லும், நாடு முழுவதும் 1952-லும் சட்டம் ஒழிந்தது. ஆனால் வழக்கமான குற்றவாளிகள் சட்டம் என்ற பெயரில் பல மாநிலங்களில் கண்காணிப்பு தொடர்ந்தது. சிறைகளில் சாதி பார்த்து வேலை பிரிப்பதும், சீர்மரபினரைப் பிறவிக் குற்றவாளிகளாகப் பார்ப்பதும் அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று உச்ச நீதிமன்றம் 2024 அக்டோபரில்தான் சொன்னது.

சட்டத்தை ஒரு கையெழுத்தில் ரத்து செய்துவிடலாம். அன்று பையை முன்பக்கம் மாற்றிய என் கையை நான்தான் திருத்த வேண்டும்.