ஆயுள் அட்டவணை பிறந்த கதை

பாலிசி பேச வரும் எல்.ஐ.சி. முகவர் முதலில் கேட்பது நம் வயதைத்தான். வயது தெரிந்தால்தான் ப்ரீமியம் சொல்ல முடியும். அந்தக் கணக்குக்கு அடிப்படை ஆயுள் அட்டவணை. அதற்கு விதை போட்டவர்களில் ஒருவர் துணிச்சரக்கு வியாபாரி, ஒருவர் பாதிரியார், ஒருவர் வானியலாளர்.

17-ஆம் நூற்றாண்டு லண்டனில் வாரந்தோறும் இறப்புப் பட்டியல் அச்சாகும். அவற்றைத் தொகுத்து ஆராய்ந்த வியாபாரி ஜான் கிரான்ட், 1662-இல் ஒரு நூல் வெளியிட்டார். பிறக்கும் 100 பேரில் 36 பேர் ஆறு வயதுக்குள் இறக்கிறார்கள், 76 வயதைத் தொடுபவர் ஒருவரே என்றது அவர் கணக்கு. ஆனால் லண்டன் பட்டியலில் சாவின் காரணம் இருந்ததே தவிர, இறந்தவரின் வயது இல்லை. அதனால் அவர் கணக்கில் ஊகமே அதிகம்.

வயதோடு கூடிய பதிவு பிரெஸ்லாவ் நகரில் இருந்தது. இன்று அது போலந்தில் இருக்கிறது. ஏழு, ஒன்பது ஆகியவற்றின் மடங்காக வரும் வயதுகளில், குறிப்பாக 49-லும் 63-லும் உயிருக்குக் கண்டம் என்று அக்காலத்தில் நம்பினார்கள். அங்கிருந்த பாதிரியார் காஸ்பர் நொய்மான், அது மெய்தானா என்று பதிவேடுகளைப் புரட்டினார். கண்டத்துக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. அவர் திரட்டிய 1687 முதல் 1691 வரையிலான விவரம் லண்டன் ராயல் சொசைட்டியை எட்டியது.

அதை எடுத்துக் கணக்கிட்டவர், வால்நட்சத்திரத்தால் நாம் அறிந்த எட்மண்ட் ஹாலி. பிரெஸ்லாவில் வந்து குடியேறுவோர் குறைவு என்பதால் அந்த ஊர்க் கணக்கு அவருக்குத் தோதாக இருந்தது. 1693-இல் வெளியான அவருடைய அட்டவணை முதல் வயதில் 1,000 பேரோடு தொடங்குகிறது. 25 வயதில் 567 பேர், 26-இல் 560 பேர். அந்த ஓராண்டில் போனவர்கள் 7 பேர். 7-ஐ 567-ஆல் வகுத்தால் இறப்பின் நிகழ்தகவு: 81-இல் 1. நாற்பது வயதில் 445 பேர், 47-இல் 377 பேர். 377-ஐ 445-ஆல் வகுத்தால், நாற்பது வயதுக்காரர் இன்னும் ஏழாண்டு இருப்பதற்கான வாய்ப்பு ஏறக்குறைய 85 சதவீதம். கழித்தலும் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

ஆயுள் முழுதும் ஆண்டுதோறும் பணம் தரும் திட்டத்தை அன்றைய ஆங்கில அரசு சிறுவனுக்கும் கிழவருக்கும் ஒரே விலையில் விற்றது. வயதுக்கு ஏற்ப விலை வைக்க வேண்டும் என்று ஹாலி காட்டியும் அரசு உடனே மாறவில்லை. 1762-இல் லண்டனில் தொடங்கிய ஈக்விட்டபிள் சங்கம்தான் வயதுவாரியாகக் கணக்கிட்ட ப்ரீமியத்தில் ஆயுள் காப்பீட்டை நடத்திக் காட்டியது.

ஆளைச் சுட்டி நாள் குறிக்க இந்த அட்டவணையால் ஆகாது. ஆயிரம் பேரில் எத்தனை பேர் என்றுதான் சொல்லும். அதுவும் பதிவேடு சரியாக இருந்தால்தான். நம் வீட்டில் பிறப்போ இறப்போ நேர்ந்தால் 21 நாளுக்குள் பதிந்துவிடுங்கள். வயதையும் சரியாகச் சொல்லுங்கள்.