கல்லில் பெயர், சாலையில் நிழல்

எகிப்து நாட்டின் கார்னாக் கோயிலில், ஏறத்தாழ 30 மீட்டர் உயரமுள்ள ஒற்றைக்கல் தூண் ஒன்று இன்றும் நிமிர்ந்து நிற்கிறது. அதனை நிறுவியவர் ஹட்செப்சுட் என்னும் அரசி. கி.மு. 15-ஆம் நூற்றாண்டில், சிறுவனாயிருந்த மூன்றாம் துட்மோசுக்காக ஆட்சிப் பொறுப்பேற்ற அவர், பின்னர் தாமே முடிசூடி ஏறத்தாழ 20 ஆண்டுகள் ஆண்டார். தேர் எல் பகாரி மலையடிவாரத்தில் அவர் அடுக்கடுக்காக எழுப்பிய கோயிலின் சுவர்களில், பூந்து நாட்டிலிருந்து நறுமண மரங்களை வேரோடு மரக்கலமேற்றிக் கொணர்ந்த காட்சி செதுக்கப்பட்டுள்ளது. அவர் மறைந்து பல்லாண்டுகள் கழிந்தபின், அவருடைய பெயரையும் உருவங்களையும் உளிகொண்டு சிதைத்தனர். கார்னாக் தூணின் கீழ்ப்பகுதியைச் சுவர் எழுப்பி மூடினர். மூடிய அச்சுவரே அதிலிருந்த எழுத்துகளைக் காத்தது என்பது வரலாற்றின் விந்தை.

இதனையொத்த நிலையில் நம் தமிழ் மண்ணிலும் ஓர் அரசி நின்றார். அவர் மதுரை நாயக்க அரசி மங்கம்மாள். 1689-இல் அவருடைய மகன் முத்துவீரப்பர் அம்மை நோயால் மாண்டார். பேரன் விஜயரங்க சொக்கநாதனோ கைக்குழந்தை. குழந்தையின் பெயரால் திருச்சிராப்பள்ளியிலிருந்து ஏறத்தாழ 15 ஆண்டுகள் மங்கம்மாள் ஆண்டார். முடியைத் தமக்கென எடுத்துக்கொள்ளவில்லை.

அது போர் ஓயாத காலம். மதுரைக்கு உட்பட்டிருந்த நம் கொங்கு நாடு, மைசூர் மன்னர் சிக்கதேவராயரின் வசமாயிற்று. அத்தகைய நெருக்கடியிலும் அவ்வரசியின் நாட்டம் வழிப்போக்கர்மேல் சென்றது. மதுரையிலிருந்து தெற்கே குமரிமுனை நோக்கிச் சாலை அமைத்தார், இருமருங்கும் நிழல்மரம் நட்டார், குளம் வெட்டினார், சத்திரம் கட்டினார். மதுரைத் தொடர்வண்டி நிலையத்தின் எதிரிலுள்ள சத்திரம் அவர் பெயரால் விளங்குகிறது.

இறுதி நாளில் பேரனின் ஆட்களே அவரைச் சிறைவைத்துப் பட்டினியிட்டனர் என்பது செவிவழிச் செய்தி. ஆயினும் மக்கள் நாவிலிருந்து அவர் பெயரை எவராலும் அழிக்க இயலவில்லை. 'மங்கம்மாள் சாலை' என்று தென்பாண்டிச் சீமையில் இன்றும் வழங்குகின்றனர்.

கோவை–மேட்டுப்பாளையம் சாலை அகலப்படுத்தப்பட்டபோது, முதுமரங்கள் வெட்டுண்டு கிடந்ததை நம்மில் பலர் கண்டோம். அவற்றை நட்டவர் யாரென்று நாம் கேட்டதில்லை. நிழலை மட்டும் நுகர்ந்தோம். பெயர் கேளாமல் பயன் கொள்ளப்படும் அறமே நெடுநாள் வாழ்கிறது. நமக்குப் பின் வருவோர் வெயிலில் நடக்கையில், நாம் விட்டுச்செல்லும் நிழல் எது என்பதே நம்முன் நிற்கும் வினா.