படம் ஒட்டும் கலை (டெக்கூபாஜ்)

காகிதத்தில் அச்சான உருவங்களைக் கத்தரித்து, பெட்டி, தட்டு, பாட்டில் போன்ற பொருள்களில் ஒட்டி, ஓரம் விரலுக்குத் தட்டுப்படாத வரை வார்னிஷ் பூசும் கைவினை. பெயர், வெட்டி எடுத்தலைக் குறிக்கும் பிரெஞ்சு வினையிலிருந்து வந்தது. 18ஆம் நூற்றாண்டில் வெனிஸ் நகரத்தார் சீன, ஜப்பானிய அரக்கு வேலைப்பாட்டை இப்படி மலிவாகப் போலி செய்தனர். ‘ஏழையின் அரக்கு’ என்றே அதற்குப் பெயர்.

தமிழகத்தில் இதன் நெருங்கிய உறவு செட்டிநாட்டு வீடுகளில் இருக்கிறது. ராஜா ரவிவர்மா 1894இல் பம்பாயில் தொடங்கிய அச்சகத்தின் ஓலியோகிராப் படங்கள் இங்கும் வந்து சேர்ந்தன. சாமி படத்தில் கத்தரி வைக்க யாருக்கு மனம் வரும்? படத்தை விட்டுவிட்டு, படத்துக்கு ஆடை வெட்டினார்கள். லட்சுமியின் முகமும் கைகளும் பாதமும் அச்சாகவே இருக்க, புடவை வரும் இடத்தில் துணியை ஒட்டியோ தைத்தோ, ஜரிகை ஓட்டி, சமிக்கியும் மணியும் பதித்துக் கண்ணாடிச் சட்டம் போட்டார்கள். ஓவியர் பெயர் நமக்குத் தெரியும். ஊசி பிடித்த பெண்களின் பெயர் பெரும்பாலும் தெரியாது.

படத்தை எளியவர் வீட்டுக்குக் கொண்டுவந்தது சிவகாசி. 1922இல் பி. அய்ய நாடாரும் அ. சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்தார்கள். லேபிளுக்காக வளர்ந்த அச்சுத் தொழில் காலண்டருக்கும் கைகொடுத்தது. கோவில்பட்டி சி. கொண்டைய ராஜுவின் (1898–1976) தெய்வங்கள் சுவர்தோறும் தொங்கின. வருஷம் முடிந்தாலும் சாமியைக் குப்பையில் போட முடியாது. மைதாவில் பசை காய்ச்சி, பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் ஒரு சிட்டிகை சேர்த்து, டிரங்குப் பெட்டி மூடியின் உட்புறத்திலும் அலமாரிக் கதவிலும் ஒட்டினார்கள். முருகனுக்குப் பக்கத்திலேயே எம்.ஜி.ஆரும் இருப்பார். இதைக் கலை என்று எவரும் சொல்லிக்கொண்டதில்லை, சொல்லியிருக்கலாம்.

அந்த ஒட்டும் பழக்கம் இன்று என்ன ஆனது என்பதை ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பகுதியில் பார்க்கலாம். அங்கே 1998இல் ஹூண்டாய் கார் உற்பத்தியும் 2010இல் ரெனோ–நிசான் ஆலையும் தொடங்கின. வெளியூர்த் தொழிலாளர் பலர் அறை எடுத்துத் தங்கும் வட்டாரம் இது. வீட்டுக்காரர் ஆணி அடிக்க விடாத சுவரில் ஒட்டுவதுதான் ஒரே அலங்காரம். ஆனால் இன்று பசை காய்ச்சும் வேலை யாருக்கும் இல்லை. சுவரிலும் லாரிக் கண்ணாடியிலும் ஆயுத பூஜை நாளில் சந்தனம் குங்குமம் வைத்த இயந்திரத்திலும் தென்படுவது வினைல் ஸ்டிக்கர். கத்தரியும் வார்னிஷும் தேவைப்படாத ஸ்டிக்கரை இக்கலையின் கணக்கில் சேர்க்க முடியாது.